மின்சாரம் இல்லாத வீட்டில் மருந்தையும் உணவையும் குளிராக வைத்திருப்பது எப்படி?



எங்கள் சங்க உறவுகளில் பலர் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருகிறார்கள். போக முடியாதவர்களும் அங்குள்ள பெற்றோரின் மருந்து, சாப்பாடு பற்றித் தொலைபேசியில் தினமும் விசாரிக்கிறோம். ஒடென்சேயில் இருக்கும் எங்களுக்கு குளிர்சாதனப் பெட்டி என்பது இருபத்துநான்கு மணிநேரமும் தன்பாட்டில் வேலை செய்யும் ஒரு பொருள். அதைப் பற்றி நாங்கள் யோசிப்பதே இல்லை. ஆனால் மின்சாரம் நிற்கும் இடத்தில் வாழும் ஒரு நீரிழிவு நோயாளிக்கு அது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். இம்முறை சுகாதாரப் பகுதியில் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் நான் சொன்ன பிழையான புத்தி

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் எனது அம்மாவுக்கு அப்போது 74 வயது. காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடுபவர். "பிறிஜ் வேலை செய்யுதில்லை, ஊசி மருந்தை என்ன செய்யிறது?" என்று தங்கச்சி கேட்டாள். "கடையில ஐஸ் வாங்கி அதோட ஒட்டி வையுங்கோ, சூடு மட்டும் படக்கூடாது" என்று நான் இங்கிருந்து சொன்னேன்.

மருமகன் நல்ல பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்தான். கடைக்காரர் ஜெனரேற்றரில் ஓட்டிய டீப் பிறீசரில் கல்லாக இறுகியிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கி, அதோடு இன்சுலின் குப்பியை றப்பர் பட்டியால் கட்டி, ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்தான். ஒவ்வொரு நாளும் போத்தலை மாற்றினான். ஐந்தாம் நாள் அம்மாவுக்கு அடங்காத தாகம், மயக்கம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 396. அங்கே அளப்பது மில்லிகிராம் கணக்கில். அதை 18ஆல் பிரித்தால் டென்மார்க்கில் நாங்கள் சொல்லும் மில்லிமோல் கணக்கு வரும். 396 என்றால் 22.

குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்த தாதி உடனே கண்டுபிடித்துவிட்டார். மருந்து உறைந்து, உருகி, மறுபடி உறைந்திருந்தது. கண்ணாடியில் வெள்ளைத் துணிக்கைகள் ஒட்டியிருந்தன. அம்மா ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அதில் மருந்தின் வேலை இருக்கவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து சுகமாகி வந்தார். இன்றும் சுகமாக இருக்கிறார். ஆனால் சூட்டுக்கு மட்டும் பயந்து, குளிரை மறந்துவிட்ட அந்தப் புத்தியைச் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்கிறேன்.

சூடும் எதிரி, உறைகுளிரும் எதிரி

இன்சுலின் ஒரு புரதம். சூட்டில் அது மெல்ல மெல்லப் பழுதாகும். உறைந்தாலோ ஒரே இரவில் பழுதாகிவிடும், பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது. ஆகவே இன்சுலினைப் பொறுத்தவரை உறைவதுதான் பெரிய ஆபத்து.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கிய பேனாவையோ குப்பியையோ குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே வைக்கலாம். பெரும்பாலான வகைகளுக்கு 25 அல்லது 30 பாகைக்குக் கீழ் நாலு வாரம், சில புதிய வகைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று பெட்டிக்குள் இருக்கும் துண்டில் எழுதியிருக்கும். உங்கள் மருந்துக்கு எது என்பதை அந்தத் துண்டில் பாருங்கள்.

சரி, 30 பாகைக்கு மேல் போகும் நாட்டில் என்ன செய்வது? இதற்கு 2021இல் ஒரு நல்ல ஆய்வு வெளிவந்தது. எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. கென்யாவின் வடக்கே டகஹலே அகதி முகாமில் வீடுகளுக்குள் பகலிரவு வெப்பம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். அது 25க்கும் 37க்கும் இடையில் ஏறி இறங்கியது. ஆய்வுகூடத்தில் அதே மாதிரி ஏற்றி இறக்கி நாலு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தபோது, குளிராக வைத்த இன்சுலினுக்கும் இதற்கும் வேலைத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. 2023இல் வந்த கொக்ரேன் மீளாய்வும், திறக்காத மனித இன்சுலின் 25 பாகை வரை ஆறு மாதமும் 37 பாகை வரை இரண்டு மாதமும் தாங்கக் கூடியது என்ற முடிவுக்கு வந்தது.

இதை வாசித்துவிட்டு யாரும் மருந்தை வெயிலில் வைக்க வேண்டாம். இதில் இருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு. மின்சாரம் இல்லை என்பதற்காகப் பதறி மருந்தை ஐஸுக்குள் புதைக்கத் தேவையில்லை. நிழலும் மிதமான குளிர்ச்சியும் போதும். அந்த மிதமான குளிர்ச்சியைத் தருவதற்கு எங்கள் அடுப்படியிலேயே ஒரு பொருள் இருந்தது.

மண்பானை எப்படிக் குளிராக்குகிறது?

மண் கூசாவில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் எங்களில் நிறையப் பேர். பானையின் நுண்ணிய துளைகள் வழியாக நீர் வெளியே கசிந்து ஆவியாகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது பானையில் இருந்தும் உள்ளே இருக்கும் நீரில் இருந்தும் எடுக்கிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக எடுக்கும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? 20 லீற்றர் நீரை 29 பாகை குளிராக்கப் போதுமான அளவு. வெளியில் இருந்து வெப்பம் தொடர்ந்து உள்ளே வருவதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் இது ஒரு பெரிய சக்தி.

நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா என்பவர் 1990களில் இதையே சற்று மாற்றிச் செய்தார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் வரை இருந்தது என்று பதிவாகியிருக்கிறது. இதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்தியாவில் புதுடில்லி பூசா விவசாய ஆராய்ச்சி நிறுவகம் 1980களில் இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே ஈர மணல் நிரப்பிய மரக்கறிக் குளிர் அறையை உருவாக்கியது. குஜராத் மாநிலம் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற மண்பாண்டத் தொழிலாளி, கதவும் தட்டும் உள்ள மண் குளிர்ப்பெட்டியையே செய்து 'மிட்டிகூல்' என்ற பெயரில் விற்கிறார்.

ஆனால் மண்பானைக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாகாது. வெளியே 35 பாகையும் ஈரப்பதன் 40 வீதமும் என்றால், ஆவியாதலால் ஆகக்கூடியது 24, 25 பாகை வரை இறங்கலாம். 32 பாகையும் 75 வீத ஈரப்பதனும் என்றால் 28க்குக் கீழே போகவே முடியாது. ஆகவே வன்னியில் சோளகக் காற்று வீசும் காய்ந்த நாட்களில் பானை நன்றாக வேலை செய்யும். மாரியில் குறைவாகவே வேலை செய்யும். நல்ல வேளையாக மாரியில் சூடும் குறைவு.

எந்த நாளிலும் மண்பானை 2 முதல் 8 பாகைக்கு வராது. பாவனையில் உள்ள இன்சுலினுக்கும் மரக்கறிக்கும் அது போதும். தடுப்பூசிக்கும் பச்சை மீன், இறைச்சிக்கும் போதாது. இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

*வீட்டில் செய்யும் முறை:*

1. மினுக்கப் பூச்சு இல்லாத இரண்டு மண்பானைகளை எடுங்கள். ஒன்று மற்றதற்குள் இரண்டு, மூன்று விரல் இடைவெளியோடு அடங்க வேண்டும்.
2. இடைவெளியை ஆற்று மணலால் நிரப்புங்கள். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு பானையின் துளைகளை அடைத்துவிடும்.
3. காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் விடுங்கள். வாயை ஈரத்துணியால் மூடுங்கள்.
4. நிழலும் காற்றும் உள்ள இடத்தில், நிலத்தில் படாமல் ஒரு ஸ்ராண்டில் அல்லது மூன்று கல்லில் வையுங்கள். காற்றில்லாத அறை மூலையில் வைத்தால் பலன் இல்லை.
5. மருந்தை இறுக மூடிய பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் போட்டு உள்ளே வையுங்கள். மருந்து நீரில் படக்கூடாது.
6. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். பானையின் வெளிப்புறம் வெள்ளை படிந்தால் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள்.
7. உள்ளே ஒரு சிறிய வெப்பமானி வையுங்கள். பானை வேலை செய்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் அறியலாம்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று பல வருடம் இருட்டில் இருந்தபோது, எங்கள் அயல்வீட்டு மாமா தனது இன்சுலினைப் போத்தலில் போட்டு மூடி, வாளியில் கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டிருந்தார். கிணற்று நீர் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கும். அது அறிவான வேலை என்று இப்போது படிக்கும்போதுதான் எனக்குப் புரிகிறது.

வெயிலில் இருந்து ஐஸ்: எங்கள் அயலூரின் பங்கு

தடுப்பூசிக்கு உண்மையான குளிர்சாதனப் பெட்டி வேண்டும். மின்சாரமில்லாத கிராமங்களில் முன்பு மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டிகளைப் பாவித்தார்கள். 1922இல் சுவீடன் மாணவர்களான பிளாற்றன், முன்ரெர்ஸ் இருவரும் கண்டுபிடித்த முறை அது. அடியில் எரியும் விளக்கின் சூட்டினாலேயே மேலே குளிர் உண்டாகும். ஆனால் அதற்கு எந்நேரமும் மண்ணெண்ணெய் வேண்டும், திரி சீராக எரிய வேண்டும், உள்ளே வெப்பத்தைச் சரியாகக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

பிறகு சூரியத் தகடும் பற்றரியும் வைத்த பெட்டிகள் வந்தன. சில வருடங்களில் பற்றரி செத்துவிடும். புதிய பற்றரி வாங்கக் கிராமத்து வைத்தியசாலையில் காசு இருக்காது. சில இடங்களில் பற்றரியைக் கழற்றி வேறு தேவைக்கு எடுத்தும் விடுவார்கள். தகடு நன்றாக இருக்கும், பெட்டி நன்றாக இருக்கும், ஆனால் தடுப்பூசி பழுதாகும்.

இதற்கு விடை தேடி 2001இல் 'சோலர்சில்' என்ற திட்டம் தொடங்கியது. யுனிசெப், உலக சுகாதார நிறுவனம், கிரீன்பீஸ் முதலிய அமைப்புகளோடு டென்மார்க் தொழில்நுட்ப நிறுவகமும் அதில் பங்கெடுத்தது. செனகல், இந்தோனேசியா, கியூபா ஆகிய நாடுகளில் வைத்துப் பரிசோதித்தார்கள். யோசனை எளிமையானது. மின்சாரத்தைப் பற்றரியில் சேமிக்காமல் குளிரை ஐஸாகச் சேமிப்பது. பகலில் சூரியத் தகடு நேரடியாக மோட்டாரை ஓட்டும். பெட்டியின் சுவரில் இருக்கும் நீர் ஐஸாகும். இரவிலும் மழைநாளிலும் அந்த ஐஸ் குளிரைத் தரும். இப்படியான பெட்டி வெயில் இல்லாமல் குறைந்தது மூன்று நாள் தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபந்தனை.

இந்தப் பெட்டிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்றான வெஸ்ற்புறொஸ்ற் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலப் பயணத் தூரத்தில், எஸ்பியாவில் இருக்கிறது. யுனிசெப்பின் உலக விநியோகப் பிரிவும் கொப்பன்ஹேகனில்தான் இருக்கிறது. எங்கோ ஓர் ஆபிரிக்கக் கிராமத்துக் குழந்தைக்குப் போடும் ஊசியின் பின்னால் நாங்கள் வாழும் இந்த நாட்டின் உழைப்பும் உண்டு. தொழில்நுட்பம் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

தடுப்பூசி ஊழியர்களிடம் நாம் கற்க வேண்டியது

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். 1995 முதல் நடந்த தேசிய தடுப்புமருந்து நாட்களுக்காகப் போர் நடந்த பகுதிகளிலும் அன்றைக்கு மட்டும் சண்டை நிறுத்தப்பட்டது. மின்சாரமே இல்லாத ஊர்களுக்கும் அந்த மருந்து குளிர்ப்பெட்டியில் போய்ச் சேர வேண்டும். உலகெங்கும் இப்படி மருந்து கொண்டுபோகும் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முக்கிய பாடம் ஒன்று உண்டு. *ஐஸ் பொதியைப் பிறீசரில் இருந்து எடுத்தவுடன் மருந்தோடு வைக்காதே.*

பிறீசரில் இருந்து வரும் ஐஸ் 0 பாகையில் இருப்பதில்லை. அது கழிய 18 பாகை வரை இருக்கும். அதைத் தொடும் மருந்து உறைந்துபோகும். ஈரல் அழற்சி பி, ஏற்பு வலி, முக்கூட்டுத் தடுப்பூசி போன்றவை உறைந்தால் பயனற்றவை. ஆகவே ஐஸ் பொதியை வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே ஐஸ் அசையும் சத்தம் கேட்கும்வரை பொறுக்க வேண்டும். அப்போது அது 0 பாகைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகும் நடுவில் துணியோ கடதாசி மட்டையோ வைக்க வேண்டும். இந்த ஒரு பாடம் எனக்குத் தெரிந்திருந்தால் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார்.

தடுப்பூசிக் குப்பிகளில் 1996 முதல் ஒரு சிறிய அடையாளமும் வந்தது, முதலில் போலியோ மருந்தில். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தை விட வெளிறியிருந்தால் பாவிக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் சூடு பட்டுவிட்டது, எறிய வேண்டும். ஆனால் மருந்து உறைந்ததை அந்த அடையாளம் காட்டாது. இன்சுலின் குப்பியில் இந்த அடையாளம் கிடையாது. அதற்கு எங்கள் கண்தான் அடையாளம்.

பயணம் போகும் நீரிழிவு நோயாளிகளுக்கு

- இன்சுலினைக் கைப்பையில் கொண்டு போங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைத்தால் உறையக்கூடும், பெட்டி தொலையவும் கூடும்.
- ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் கடிதம் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள்.
- நீரில் நனைத்தால் ஊதி, ஆவியாதலால் குளிரும் பைகள் விற்பனைக்கு உண்டு. மண்பானையின் தத்துவம்தான். ஐஸ் தேவையில்லை, உறையும் பயமும் இல்லை.
- தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் போடாதீர்கள். இயல்பாகவே பால் போல இருக்கும் வகையை உருட்டிய பிறகும் கட்டி, துணிக்கை, கண்ணாடியில் பனி படிந்தது போன்ற தோற்றம் இருந்தால் அதையும் போடாதீர்கள்.
- இங்குள்ள குளிர்சாதனப் பெட்டியிலும் பின்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அங்கேயும் மருந்து உறைவதுண்டு.
- உங்கள் பெயரில் எழுதிய மருந்தை ஊரில் உள்ளவருக்குக் கொடுத்து அனுப்ப வேண்டாம். அவருக்கு அளவும் வகையும் வேறாக இருக்கும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்ப வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ புறப்பட முன்பே கேளுங்கள்.

மின்வெட்டு நேரத்தில் உணவு

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிர் நிற்கும். நிறைந்த டீப் பிறீசர் 48 மணித்தியாலமும், அரைவாசி நிறைந்தது 24 மணித்தியாலமும் தாங்கும். அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் பெரிய பிழை. வெறுமையான இடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து முன்கூட்டியே உறைய விட்டால் அது ஐஸ் பெட்டியாகும்.

"திருப்பிக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி" என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் விட்ட நஞ்சு சாகாது. வெளியே கிடந்த சோற்றில் இப்படி நடக்கும். சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்ரமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவுடன் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு கடிக்கும். மின்சாரம் இல்லாத நாளில் மீனை வாங்கிய நேரத்துக்கே சமைத்து, அந்த வேளைக்கே சாப்பிட்டு முடிப்பது நல்லது. மிஞ்சியதைக் கருவாடாக்கிய எங்கள் பாட்டிமார் காரணம் இல்லாமல் அதைச் செய்யவில்லை.

ஊருக்குக் கதைக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மறுபடியும் பல மாவட்டங்களில் மின்சாரம் நின்றது. இனியும் நிற்கும். அடுத்த முறை அம்மாவோடோ அப்பாவோடோ கதைக்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. கறண்ட் நின்றால் இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள்?
2. அது எங்கேயாவது ஐஸில் முட்டுகிறதா?
3. ஊசி போட முன்பு மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறீர்களா?

இப்போது அம்மாவின் வீட்டு விறாந்தையில், வடக்குப் பக்கக் காற்றுப் படும் இடத்தில், இரண்டு பானைகள் இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று. காலையில் பூமரங்களுக்குத் தண்ணீர் விடும்போது மணலுக்கும் ஒரு செம்பு விடுவார். பாவனையில் உள்ள குப்பி மட்டும் அதற்குள். மற்றவை குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில். கறண்ட் நின்றால் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று மருமகன் ஒரு துண்டு எழுதி ஒட்டியிருக்கிறான்.